பட்டறைக்கும் கலாசாலைக்கும் இடையே ஓர் ஆள்

கோயம்புத்தூர் அவினாசி சாலையில் பீளமேட்டைக் கடக்கும் பஸ்ஸில் நடத்துனர் "ஹோப்ஸ் காலேஜ்" என்று குரல் கொடுக்க, நாலைந்து பேர் இறங்குகிறார்கள். இறங்கினவர் எந்தத் திசையில் திரும்பினாலும் அந்தப் பெயருள்ள கல்லூரி கண்ணில் படாது. 1945-ஆம் ஆண்டில் ஜி. டி. நாயுடு அவர்களின் கொடையாலும் முயற்சியாலும், அக்காலத்தில் சென்னை மாகாணத்தின் கவர்னராயிருந்த ஆர்தர் ஹோப் துரையின் பெயரைத் தாங்கித் தோன்றிய அந்தத் தொழில்நுட்பக் கலாசாலை, பிற்பாடு அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி என்ற நாமத்தோடு தடாகம் சாலைக்குக் குடிபெயர்ந்துவிட்டது. பெயர் மட்டும் பஸ் நிறுத்தத்தில் தங்கிவிட்டது. சிறிது காலம் அதன் தலைமைப் பொறுப்பை வகித்த நாயுடு அவர்கள், நான்கு வருஷப் படிப்பு இளைஞரின் ஆயுளை வீணாக்குவது என்றும், இரண்டு வருஷமே போதும் என்றும் வாதித்ததும், ஆட்சியாளர் அதற்கு இணங்காமற் போகவே அவர் விலகிக்கொண்டதும் இவ்வூரார் அறிந்த சரித்திரம். யார் பக்கம் நியாயம் என்பது வேறு விஷயம். பட்டறையின் காலக்கணக்கும் கலாசாலையின் காலக்கணக்கும் ஒன்றல்ல என்ற பிணக்கு, கொங்கு நாட்டில் பொறியியற் கல்வி பிறந்த அன்றே உடன்பிறந்தது என்பதே இங்கு நாம் கவனிக்க வேண்டியது.

அந்தப் பிணக்கைத் தீர்க்கும் வழியைப் பற்றி எண்பது வருஷங்களாகப் பேசி வருகிறோம். சர்வகலாசாலைகளும் தொழிற்சாலைகளும் கலந்து உழைத்துப் புதியன காண வேண்டும் என்பதில் இன்று எவருக்கும் அபிப்பிராய பேதமில்லை. அதற்கு வேண்டிய பொருள், கட்டடம், யந்திரம், படித்தவர், முதலாளி எல்லாம் இந்த மாவட்டங்களில் ஏற்கெனவே இருக்கின்றன. இல்லாதது ஒன்றுதான்: இரு பக்கத்துப் பாஷையும் தெரிந்து, இரு பக்கத்தாரும் நம்பும்படி நடுவில் நின்று வேலை செய்யக்கூடிய, அதற்கென்றே பயிற்சி பெற்ற ஆள். அவரை இணைப்பாளர் என்று இக்கட்டுரையில் அழைக்கிறேன். தரகர் என்று சொன்னால் கோபித்துக்கொள்வார்கள். ஆயினும் காங்கேயம் பக்கத்துக் கண்ணபுரம் மாட்டுத்தாவணியில், துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசும் தரகரைப் பார்த்தவர்களுக்கு, மாட்டின் பல்லையும் சுழியையும் அறிந்ததோடு விற்பவன் மனத்தையும் வாங்குபவன் மடியையும் அறிந்த அந்த மனிதரின் வித்தை இலேசானதன்று என்பது தெரியும். நம் இணைப்பாளருக்கும் அவருக்கும் பேதம் ஒன்றே: இவர் துண்டை எடுத்துவிட்டு வெளிச்சத்தில் பேச வேண்டியவர்.

முற்காலத்தில் இப்படி ஒருவர் தேவைப்படவில்லை; ஏனெனில் பட்டறைக்காரரும் பள்ளிக்கூடத்துக்காரரும் ஒருவராகவே இருந்தனர். பீளமேட்டு பி. எஸ். கோவிந்தசாமி நாயுடு அவர்களின் நான்கு புதல்வர்கள் குடும்பச் சொத்தை ஐந்து பங்காக்கி, ஐந்தாவது பங்கைத் தருமத்துக்கு ஒதுக்கி, 1926-இல் அறநிலையத்தை நிறுவினார்கள். 1932-இல் பைக்காரா நீர்மின் திட்டம் நீலகிரியிலிருந்து மின்சாரத்தை இறக்கிவிட, பஞ்சாலைகள் பெருகி, ஆலைகளுக்கு உதிரிப்பாகம் செய்யும் பட்டறைகளும் அவற்றைச் சுற்றி முளைத்தன; 1937-இல் ஜி. டி. நாயுடு, டி. பாலசுந்தரம் நாயுடு ஆகிய இருவரின் உழைப்பால் உள்நாட்டு மின்மோட்டார் இங்கே உருவாயிற்று. 1951-இல் பி. எஸ். ஜி. தொழில்நுட்பக் கல்லூரி தொடங்கப்பட்டபோது, அறநிலையத்துக்குச் சொந்தமான தொழிற்கூடம், பம்பும் மோட்டாரும் வார்ப்படமும் செய்து சந்தையில் விற்கும் உண்மையான தொழிற்கூடம், அதே வளாகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அக்கல்லூரியின் முதல் முதல்வரான ஜி. ஆர். தாமோதரன் அவர்கள் விஞ்ஞானத்தைத் தமிழில் சொல்லக் 'கலைக்கதிர்' என்ற பத்திரிகையையும் நடத்தியவர். பட்டறை மேஸ்திரிக்கும் எட்டும் பாஷையில் விஞ்ஞானம் இருக்க வேண்டும் என்ற எண்ணம் அவர்போன்றோரிடம் இயல்பாகவே இருந்தது. படிப்பையும் தொழிற்கூட வேலையையும் மாற்றி மாற்றி வைத்து ஐந்து வருஷத்தில் முடிக்கும் 'சாண்ட்விச்' வகுப்பு என்ற ஏற்பாடு இன்றும் அங்கே நிலவுகிறது. காலையில் லேத்தின் முன்னும் மாலையில் கரும்பலகையின் முன்னும் நின்ற அந்த மாணவனே அன்று இணைப்பாளனாயிருந்தான். அவனை யாரும் அப்படி அழைக்கவில்லை, அவ்வளவுதான்.

பிறகு இரண்டும் பெருத்தன. கல்லூரிகள் கோயம்புத்தூரைத் தாண்டிப் பெருந்துறை, சத்தியமங்கலம், திருச்செங்கோடு, பொள்ளாச்சி என்று எங்கும் பரவின. பட்டறைகளோ எண்ணிக்கைக்கு அடங்காமல் கணபதி, குறிச்சி, அரசூர் என்று தெருத் தெருவாக நிறைந்தன. ஒரே குடும்பத்துக் கூடத்தில் நடந்த பேச்சு, முன்பின் அறியாதவர்களுக்கிடையே நடக்க வேண்டியதாயிற்று, நடக்கவில்லை.

விதிவிலக்குகள் உண்டு, அவற்றை ஆராய்வதே நமக்குப் பிரயோஜனம். 1956-இல் பஞ்சாலைக்காரர்கள் கூடி நிறுவிய தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கம், 'சிட்ரா' என்று இங்கே வழங்குவது, வெறும் ஆராய்ச்சிச்சாலையாக நின்றிருந்தால் மற்றப் பல ஸ்தாபனங்களைப் போலப் பெயர்ப்பலகையோடு முடிந்திருக்கும். அது ஆலைகளுக்குள் ஆளை அனுப்பிற்று. ஓர் ஆலையில் ஒரு கிலோ நூலுக்கு எத்தனை ஆள் உழைப்பு, எவ்வளவு கழிவு, எவ்வளவு மின்சாரம் என்று கணக்கெடுத்து, பல ஆலைகளின் கணக்கை ஒப்பிட்டு, நன்றாக நடக்கும் ஆலை எந்த அளவில் நிற்க வேண்டும் என்ற பிரமாணங்களை வெளியிட்டது. பக்கத்து ஆலைக்காரர் எட்டிப் பார்த்தாலே கதவைச் சாத்தும் முதலாளி, இந்தச் சங்கத்துக்குத் தம் பேரேட்டைத் திறந்து காட்டினார். காரணம் நம்பிக்கை, நம்பிக்கைக்குக் காரணம், வந்து போன ஆள் நூற்பு யந்திரத்தின் முன் நின்று பேசத் தெரிந்தவர், ஓரிடத்தில் கண்டதை வேறிடத்தில் கொட்டாதவர் என்பது. சோமனூர், குமாரபாளையம், கரூர் ஆகிய ஊர்களில் விசைத்தறிக்காரர்களுக்காக அச்சங்கம் சேவை நிலையங்களை வைத்ததும் இதே வழியின் தொடர்ச்சிதான்.

இதைக் காட்டிலும் பூரணமான உதாரணம் விவசாயத்தில் இருக்கிறது. அதுவும் இதே ஊரில். 1912-இல் இங்கு நிறுவப்பட்ட கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் பார்பர் துரையும் டி. எஸ். வெங்கடராமன் அவர்களும் நாணல் இனத்தைக் கரும்போடு கலந்து உண்டாக்கிய 'கோ 205' 1918-இல் வட இந்திய வயல்களுக்குப் போயிற்று. பின்வந்த 'கோ' இரகங்கள் வடக்கே சர்க்கரை ஆலைகள் பெருகியபோது அவற்றுக்கு உயிராயின. ஆராய்ச்சியாளர் கோயம்புத்தூரில் இருந்தார், குடியானவர் பஞ்சாபில் இருந்தார். இருவருக்கும் நடுவே சோதனை வயல்களும், அவற்றைப் பார்த்து வந்து சொல்லும் ஆட்களும் இருந்தார்கள். விவசாயக் கல்வி இந்த நடு ஆளைக் கடைசிவரை மறக்கவில்லை. விரிவாக்கம் என்பதையே ஒரு சாஸ்திரமாக்கி, அதற்கென்று துறை, பேராசிரியர், பட்டம் எல்லாம் ஏற்படுத்திற்று. 1971-இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் உருவாகி, மூன்று வருஷம் கழித்து, இந்தியாவின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974-இல் புதுச்சேரியில் தொடங்கியபோது அதை நடத்தும் பொறுப்பு இந்தப் பல்கலைக்கழகத்தின் கையில்தான் கொடுக்கப்பட்டது. பவானிசாகர் நிலையத்தில் பிறந்த மஞ்சள் இரகம் ஈரோட்டுக் காட்டுக்குப் போய்ச் சேர்வதற்கு ஒரு வழி உண்டு. அந்த வழியில் நடப்பதற்குச் சம்பளம் வாங்கும் ஆளும் உண்டு. 1985-இல் நாமக்கல்லில் கால்நடை மருத்துவக் கல்லூரி வந்த பிறகு கோழிப்பண்ணைக்காரர்களுக்கும் நோய் வந்தால் போய்க் கேட்க ஓர் இடம் கிடைத்தது.

இப்பொழுது பொறியியற் கல்லூரிகளைப் பாருங்கள். மெக்கானிகல் உண்டு, மெட்டலர்ஜி உண்டு, கம்ப்யூட்டர் பல கிளைகளாக உண்டு. தொழில் விரிவாக்கம் என்று ஒரு துறையை நான் கண்டதில்லை. மஞ்சள் பயிரிடுபவனிடம் எப்படிப் பேசுவது என்பது பாடமாயிருக்க, மோட்டார் செய்பவனிடம் எப்படிப் பேசுவது என்பது ஏன் பாடமாகவில்லை? பட்டறைக்காரன் கெட்டிக்காரன், தானே தேடி வந்துவிடுவான் என்று எண்ணினார்கள் போலும். அவன் கெட்டிக்காரன்தான்; ஆனால் தேடி வரவில்லை.

தேசத்தில் முயற்சியே நடைபெறவில்லை என்று சொல்வது தவறு. 1950-களில் மத்திய சர்க்கார் சிறுதொழிற் சேவை நிலையங்களை அமைத்து, பட்டறை பட்டறையாகச் சென்று யோசனை சொல்ல அதிகாரிகளை நியமித்தது. அவர்களுக்குப் பயிற்சி தருவதற்கென்றே 1960-இல் டில்லியில் தொடங்கப்பட்டு 1962-இல் ஹைதராபாத்துக்கு மாற்றப்பட்ட 'சியெட்' என்னும் சிறுதொழில் விரிவாக்கப் பயிற்சி நிலையம், அக்காலத்தில் உலகமே திரும்பிப் பார்த்த ஸ்தாபனம். ஹார்வர்டு சர்வகலாசாலையின் மனோதத்துவப் பேராசிரியர் டேவிட் மெக்லெலண்ட் 1964-இல் காக்கிநாடா வியாபாரிகளை அங்கே வரவழைத்து, சாதிக்கும் ஊக்கத்தைப் பயிற்சியால் வளர்க்கலாம் என்பதைச் சோதித்தது அந்த நிலையத்தில்தான். பயிற்சி நன்றாகவே இருந்தது. ஆனால் பயின்றவர்கள் உத்தியோகஸ்தர்கள். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை மாற்றலாகிப் போகிறவர்கள். பட்டறையின் மணத்துக்கு மூக்குப் பழகுவதற்குள் கோப்பின் மணத்துக்குப் பழகிவிட்டார்கள்.

1990-களின் பிற்பகுதியில் ஐக்கிய நாடுகளின் தொழில் வளர்ச்சி ஸ்தாபனமான 'யூனிடோ' வேறொரு வழியைக் கையாண்டது. ஒரே தொழில் செறிந்த ஊர்களைத் தேர்ந்து, ஒவ்வோர் ஊருக்கும் தொழிற்கொத்து வளர்ச்சி முகவர் என ஒருவரைப் பயிற்றி அமர்த்துவது அதன் முறை. தேர்ந்த ஊர்களில் திருப்பூரும் ஒன்று. முகவர் தாமாக ஒன்றும் கண்டுபிடிப்பதில்லை. பேசாதிருந்தவர்களைப் பேச வைப்பதும், ஒருவரது தேவையை மற்றவரது திறமையோடு கோப்பதும், நம்பிக்கை வளரும் வரையில் சிறு சிறு காரியங்களை முடித்துக் காட்டுவதுமே அவர் தொழில். அம்முறையை மத்திய சர்க்கார் பிறகு தன் சிறுதொழிற் திட்டத்தில் சேர்த்துக்கொண்டது. 2003-இல் வந்த மற்றொரு மத்தியத் திட்டத்தின் பயனாகக் கோயம்புத்தூர்ப் பம்பு, மோட்டார், வார்ப்படத் தொழிலினர் 'கோஇந்தியா' என்ற அமைப்பின் மூலம் பொதுவான சோதனைச் சாதனங்களைப் பெற்றார்கள். யந்திரம் நிலைத்தது, முகவர் நிலைக்கவில்லை. திட்டத்தின் காலம் முடிந்தவுடன் அவருடைய சம்பளமும் முடிய, அவர் தேடிவைத்த சிநேகங்களும் அவரோடு ரயிலேறின.

அயல்நாடுகளின் அநுபவமும் இதையே சொல்கிறது. அமெரிக்காவில் 1914-ஆம் வருஷச் சட்டம் ஒன்று, விவசாயக் கல்லூரியின் ஆளை ஒவ்வொரு ஜில்லாவிலும் நிரந்தரமாக உட்கார வைத்தது. ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் சங்கம் 1949 முதல் தொழிற்சாலைகளுக்காகவே ஆராய்ச்சி நடத்திவருகிறது. நமக்கு மிகவும் பொருந்துவது பிரிட்டன் 1975-இல் தொடங்கிய ஏற்பாடு என்பது என் துணிபு. மருத்துவ மாணவன் ஆஸ்பத்திரியில் நோயாளியின் பக்கத்தில் நின்று கற்பதுபோல, பட்டம் பெற்ற இளைஞன் ஒரு கம்பெனிக்குள்ளேயே உட்கார்ந்து, அந்தக் கம்பெனியின் ஒரு குறிப்பிட்ட பிரச்சினையை, ஒரு பேராசிரியரும் ஒரு முதலாளியும் சேர்ந்து மேற்பார்வை செய்யத் தீர்க்க வேண்டும். அவனுடைய சுயபயிற்சிக்கும் அதிலேயே நேரமும் பணமும் ஒதுக்கப்படும். 2003-இல் பெயர் மாறி இன்றளவும் அது நடைபெற்றுவருகிறது. நம்முடைய சாண்ட்விச் வகுப்பின் தம்பி என்றே அதைச் சொல்லலாம். தம்பிக்கு மட்டும் வழிகாட்ட ஆள் கொடுத்தார்கள்.

இனி, இந்த இணைப்பாளர் உண்மையில் செய்வது யாது என்பதற்கு வருவோம். கணபதியிலோ குறிச்சியிலோ ஒரு பவுண்டரி என்று வைத்துக்கொள்வோம். வார்ப்படத்தில் 'புளோ ஹோல்' விழுகிறது. பத்துக்கு இரண்டு திரும்பி வருகிறது. முதலாளி கல்லூரிக்குப் போய், "காஸ்டிங்கில் ஓட்டை வருதுங்க, என்ன பண்றது?" என்று கேட்கிறார். பேராசிரியர் உருகிய இரும்பில் வாயு கரையும் விதிகளை விளக்கி, மாதிரிகளைக் கொண்டு வரச் சொல்லி, ஆறு மாதத்தில் அறிக்கை தருவதாகச் சொல்கிறார். திங்கட்கிழமை லாரி ஏற்ற வேண்டிய முதலாளி கும்பிட்டு வந்துவிடுகிறார். பேராசிரியரும், இவர்களுக்கு ஆராய்ச்சியில் சிரத்தை இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறார். இருவரும் பொய் சொல்லவில்லை. கேள்விதான் இன்னும் கேள்வியாகவில்லை.

இணைப்பாளர் அங்கே மூன்று நாள் மோல்டருக்குப் பக்கத்தில் நிற்கிறார். ஓட்டை காலை முதல் ஊற்றில் மிகுதி, மத்தியானம் குறைவு. மழை பெய்த மறுநாள் இன்னும் மிகுதி என்று குறித்துக்கொள்கிறார். மணல் வெளியே குவிந்து கிடக்கிறது. ஆக, பிரச்சினை இரண்டாகப் பிளந்துகொள்கிறது. மணலுக்கு மேலே ஒரு தகரக் கொட்டகை போடுவது முதற் பாதி. அதற்குப் பேராசிரியர் வேண்டாம், இரண்டு நாள் போதும். கொட்டகை போட்ட பிறகும், உட்குழிவுக்காக அச்சினுள் வைக்கும் 'கோர்' என்ற மணற்கட்டி இருக்கும் இடத்தில் மட்டும் ஓட்டை வருகிறதென்றால், கோரில் சேர்க்கும் பசை சூட்டில் எவ்வளவு வாயுவைக் கக்குகிறது, அதைக் குறைக்க எந்தப் பசை தகும் என்பது மறு பாதி. அது மெய்யான ஆராய்ச்சி, பேராசிரியரின் மாணவன் ஆறு மாதம் உழைக்கத் தக்கது, வெற்றி பெற்றால் பத்துப் பவுண்டரிக்குப் பயன்படுவது. கொட்டகையால் கிடைத்த நம்பிக்கையின்மேல்தான் முதலாளி அந்த ஆறு மாதத்துக்குச் சம்மதிப்பார். இந்தப் பிளத்தல் வித்தையே இணைப்பாளரின் தலையாய வித்தை. பிறவியிலேயே அது சிலருக்கு வாய்த்திருக்கலாம். பெரும்பாலோருக்குச் சொல்லிக்கொடுத்தால் வரும்.

அவர் பட்டறைக்கு வெளியிலும் பார்க்க வேண்டும். நல்ல திறனுள்ள பம்ப்செட் ஏன் விற்கவில்லை என்று கேட்டால், கல்லூரி இம்பெல்லரின் வளைவைக் குறை கூறும். காரணமோ வேறு: தமிழ்நாட்டில் 1990 முதல் எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம். கரண்ட் பில் கட்டாதவர் நூறு யூனிட் மிச்சப்படுத்தும் பம்புக்காக அதிக விலை கொடுப்பாரா? இலவச மின்சாரம் நல்லதா கெட்டதா என்று வாதிடுவது இக்கட்டுரையின் காரியமன்று. வாங்குவோர் இல்லாத புதுமைக்காக ஒரு மாணவனின் ஆயுளில் மூன்று வருஷத்தைச் செலவிடுமுன் இந்தக் கணக்கைச் சொல்ல ஓர் ஆள் வேண்டும் என்பதே என் வாதம். அதுபோலவே, கல்லூரியின் கடைசிப் பருவச் செய்முறைத் திட்டம் நடக்கும் மாதங்கள்தாம் பம்பு வியாபாரத்தின் உச்ச மாதங்கள். அந்த வேளையில் மாணவனை உள்ளே விட்டு விளக்கம் சொல்ல எந்த ஃபோர்மேனுக்கும் நேரமிராது. பஞ்சாங்கத்தை மாற்ற முடியாது. இரண்டு பஞ்சாங்கத்தையும் கையில் வைத்திருப்பவர் தேதியையாவது மாற்றலாம்.

இங்கே ஓர் ஆட்சேபம் எழும். 1955-இல் சபாபதி என்பவர் மின்சார ஆட்டுக்கல்லை உண்டாக்கியபோது எந்த இணைப்பாளர் கூட நின்றார்? ஒருவருமில்லை, ஆயினும் இட்லி மாவு அரைக்கும் வீடெல்லாம் அவருக்குக் கடன்பட்டிருக்கிறது, 'கோயம்புத்தூர் வெட் கிரைண்டர்' புவிசார் குறியீடும் பெற்றுவிட்டது. மெய்தான். கண்ணால் பார்த்துக் கையால் திருத்தக்கூடிய புதுமை வரையில் நம் பட்டறைக்காரருக்கு யார் துணையும் வேண்டியதில்லை. கண்ணுக்குத் தெரியாத இடத்தில், காந்தப்பொருளில், மின்னணுக் கட்டுப்பாட்டில், நுண்ணிய உலோகக் கலவையில், புதுமை ஒளிந்துகொண்ட இந்நாளில், மோட்டாருக்குப் பெயர்போன ஊர் மின்சார வாகனத்தின் மோட்டாருக்குப் பிறர் முகத்தைப் பார்த்து நிற்பதற்குக் கைத்திறமைக் குறைவு காரணமன்று.

கல்லூரிகளின் பக்கமும் குறை சொல்லாமல் விட முடியாது. வரவேற்பறைச் சுவர்களில் முதலாளியும் முதல்வரும் கோப்பை மாற்றிக்கொள்ளும் புகைப்படங்கள் சட்டமிட்டுத் தொங்குகின்றன. புரிந்துணர்வு ஒப்பந்தம் என்று அதற்குப் பெயர். தர மதிப்பீட்டுக் குழு வரும்போது எண்ணிக்கைக்கு மதிப்பெண் உண்டு. கையெழுத்தான மறுநாள் யார் யாருக்குத் தொலைபேசியில் பேச வேண்டும் என்று எழுதப்பட்ட ஒப்பந்தத்தை நான் அபூர்வமாகவே பார்த்திருக்கிறேன். தொழிற்கூட்டுறவுக்குப் பொறுப்பு என்று நியமிக்கப்படுபவர் வாரத்துக்குப் பதினாறு மணி வகுப்பும் எடுத்து, வேலைவாய்ப்பு முகாமும் நடத்தி, மிஞ்சிய நேரத்தில் இதையும் கவனிக்கும் ஓர் உதவிப் பேராசிரியர். பாவம், அவரை நோவதில் பயனில்லை.

ஆகவே பயிற்சி எத்தகையது? ஒரு வருஷம் வேண்டும். அதில் பாதி பட்டறைத் தரையிலேயே கழிய வேண்டும். வரைபடம் வாசிப்பதும், விலைக்கணக்குப் போடுவதும், கேட்ட புகாரைச் சோதிக்கத்தக்க கேள்வியாக எழுதுவதும், காப்புரிமை யாருக்கு, கட்டுரை எப்போது வெளிவரலாம் என்பதை வேலை தொடங்குமுன் ஒரு பக்கத் தமிழில் எழுதி இருவரிடமும் கையெழுத்து வாங்குவதும் பாடங்களாக வேண்டும். ஒருவர் இரகசியத்தை இன்னொருவரிடம் சொல்லாதிருப்பது பாடமன்று, விரதம். யாரைப் பயிற்றலாம் என்றால், மேலாண்மைப் பட்டம் மட்டும் கையிலுள்ள இளைஞரைவிட, சாண்ட்விச் வகுப்பில் தேறிப் பத்து வருஷம் உற்பத்தியில் இருந்தவர், ஓய்வு பெறப்போகும் ஃபோர்மேன், பாலிடெக்னிக் ஆசிரியர் ஆகியோரே உத்தமம். சம்பளத்தில் பாதியைக் கல்லூரியும் பாதியைத் தொழிலதிபர் சங்கமும் கொடுக்கட்டும். ஒரு பக்கத்துச் சோறு மட்டும் தின்பவன் ஒரு பக்கத்துக்கே பேசுவான். அவருடைய வேலையை ஒப்பந்தங்களின் தொகையால் அளக்காமல், இரண்டாம் முறையும் கல்லூரிப் படியேறி வந்த பட்டறைக்காரர்களின் தொகையால் அளக்க வேண்டும்.

1969 முதல் சிறுதொழிலினருக்காக உழைத்து, இப்போது பாதுகாப்புத் தளவாடத் துறையில் புத்தாக்க மையமும் நடத்திவரும் 'கொடிசியா'வுக்கும், பி. எஸ். ஜி., சி. ஐ. டி. என்னும் கோயம்புத்தூர் இன்ஸ்டிடியூட் ஆப் டெக்னாலஜி, அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி முதலியவற்றின் நிர்வாகிகளுக்கும், விரிவாக்க சாஸ்திரத்தில் அரை நூற்றாண்டுக்கு மேல் அநுபவம் கொண்டு மருதமலைச் சாலையில் வீற்றிருக்கும் வேளாண்மைப் பல்கலைக்கழகத்துக்கும் ஒரு விண்ணப்பம். புதிய கட்டடம் வேண்டாம். திறப்பு விழாவும் வேண்டாம். பன்னிரண்டு பேரைத் தேர்ந்து, விவசாய விரிவாக்கம் கற்பிக்கும் ஆசிரியர்களிடமே முதல் மூன்று மாதம் உட்கார வைத்து, பிறகு பவுண்டரிக்கும் விசைத்தறிக் கூடத்துக்கும் அனுப்பிப் பாருங்கள். அவர்களைத் தேர்ந்தெடுக்கும் விண்ணப்பப் படிவத்தில், பட்டம் என்ன என்று கேட்கும் கட்டத்துக்கு மேலே, பட்டறையில் எத்தனை வருஷம் இருந்தீர் என்று கேட்கும் கட்டம் இருக்கட்டும்.